கேக் வண்டியின் குலுக்கல்

மூன்றாவது கேக்கும் சரிந்த அன்று பஞ்சு வீட்டுக்குப் போகவில்லை. நேராக அண்ணியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். வேனை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கியவளின் முழங்கை வரை சாக்லேட் கிரீம் அப்பியிருந்தது. மூக்கின் மேல் சர்க்கரையில் செய்த ஒரு ரோஜா இதழ். அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அண்ணி, ஒண்ணு இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஒரு காரின் அடியிலிருந்து உருளைப் பலகையோடு வெளியே வந்த மெக்கானிக், நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"அடி கிடி படலையே?"

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன். கேக்குதான் போச்சு. பிறந்தநாளுக்குக் கோட்டை கேட்டிருந்தாங்க. கொண்டுபோய் இறக்கினா, சண்டை முடிஞ்ச கோட்டை மாதிரி இருந்துச்சு. அந்தக் குழந்தை, 'இதுவும் நல்லாத்தான் ஆன்ட்டி இருக்கு'ன்னு சொல்லிச்சு. அது அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கல."

பஞ்சு என்பது வீட்டில் வைத்த பெயர். அவள் கை பட்டால் கேக் பஞ்சாக எழும் என்பதால் அண்ணன் வைத்தான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அந்த அண்ணனின் மனைவிதான் மெக்கானிக். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே வயசு. ஒருத்தி கையில் எப்போதும் கிரீம், இன்னொருத்தி கையில் எப்போதும் கிரீஸ். அதனால் துணி துவைப்பது பற்றி மட்டும் அவ்வப்போது தகராறு வரும். மற்றபடி ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி.

பக்கத்து சீட்டிலிருந்து பஞ்சுவின் அப்பா, மெக்கானிக்கின் மாமனார், நிதானமாக இறங்கினார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். வேலை பார்த்த காலம் முழுக்கத் துறைமுகக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார முடியவில்லை. மகள் கேக் கொண்டுபோகும்போதெல்லாம் துணைக்கு ஏறிக்கொள்வார். சரக்குக்குக் காவல் நான்தான் என்று சொல்லிக்கொள்வார்.

"வண்டியில ஒரு குத்தமும் இல்லம்மா" என்றார் மருமகளிடம். "இவ ஓட்டுறதுலதான் இருக்கு. பிரேக்கை மிதிக்கிறாளா, எலியை மிதிக்கிறாளான்னு தெரியல."

"அப்பா, நான் பிரேக் பக்கமே போகல! கியர் மாறும்போதுதான் எகிறுது. உர்ர்ருன்னு கத்திக்கிட்டே போகும். மாறவே மாறாது. அப்புறம் யாரோ பின்னாலேருந்து எட்டி உதைச்ச மாதிரி படார்னு மாறும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். பழைய வேன். ஓட்டுபவர் கையால் கியர் போட வேண்டியதில்லை, தானாக மாறும். இன்ஜின் முன்பக்க சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே, முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். இன்ஜினில் எதைத் தொட வேண்டுமானாலும் அந்த மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

"சாவியைக் கொடு. அப்புறம், மூக்கைத் தொடச்சுக்கோ" என்றாள்.

அவள் தனியாக வேனை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டைச் சுற்றி, மேம்பாலத்தில் ஏறி இறங்கித் திரும்பி வந்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஒவ்வொரு கியரும் வழுக்கிக்கொண்டு மாறியது. இன்னொரு தடவை போனாள். அப்போதும் அப்படியே.

"நீங்க ஓட்டினா மட்டும் நல்ல பிள்ளை வேஷம் போடுது பாருங்க" என்று பஞ்சு பல்லைக் கடித்தாள்.

"நான்தான் சொன்னேனே" என்றார் மாமனார்.

அங்கேதான் சங்கடம் தொடங்கியது. வரும் சனிக்கிழமை துறைமுக அலுவலகத்தில் ஒரு விழா. துறைமுகத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அவருக்காகக் கலங்கரை விளக்கம் வடிவில் ஒரு கேக், இடுப்பு உயரத்துக்கு. பஞ்சுவுக்கு இதுவரை கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர். தரையோடு தரையாகக் கிடந்த கோட்டையே உடைந்தது என்றால், நிமிர்ந்து நிற்கிற கலங்கரை விளக்கத்தின் கதி என்ன?

பக்கத்துத் தெருவில் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். மெக்கானிக் போய் அவரிடம் விவரம் சொன்னாள்.

"லேட்டா மாறுது, அடிச்சு மாறுதுன்னா உள்ளே தேய்மானமா இருக்கலாம். கியர்பாக்ஸைக் கீழே இறக்கிப் பாத்துடலாம். ரெண்டு வாரம் வண்டி நிக்கும்" என்றார் அவர்.

"அதுக்கு முன்னாடி குழாயெல்லாம் ஒரு தடவை பாத்துடுறேன். சனிக்கிழமைக்கு வண்டி வேணும்."

"பாரு. குழாயா இருந்தா உனக்கு லாபம். எனக்கும் இங்கே இடமில்ல."

மறுநாள் காலையில் மெக்கானிக் வேனின் நடு மூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் கியர் ஆயிலின் அளவைப் பார்த்தாள், சரியாக இருந்தது. நிறத்தைப் பார்த்தாள், நல்ல சிவப்பு. முகர்ந்து பார்த்தாள்; கருகிய வாடை இல்லை. உள்ளே தேய்ந்து போயிருந்தால் ஆயில் காட்டிக்கொடுத்துவிடும். அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

பஞ்சு மாவு சலிப்பதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் குந்தியிருந்தாள். "இந்தக் குழாய் என்னண்ணி?"

விரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய். இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி, வளைந்து, பின்னால் கியர்பாக்ஸை நோக்கிப் போயிற்று.

"வேக்குவம் ஹோஸ். இதுதான் என் சந்தேகம்" என்றாள் மெக்கானிக். "கியர்பாக்ஸுக்குக் கண்ணு கிடையாது. வண்டி மேட்டுல ஏறுதா, சும்மா சமதரையில போகுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்? இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்குது இல்ல, அந்த இழுப்பு இந்தக் குழாய் வழியா அங்கே போய்ச் சேரும். இழுப்பு பலமா இருந்தா, சரி, இன்ஜின் நிம்மதியா இருக்குன்னு மெதுவா, சீக்கிரமா மாத்திடும். இழுப்பு குறைஞ்சா, ஐயோ, பாரம் தூக்கித் திணறுதேன்னு நினைச்சுக்கும். கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சு, அப்புறம் பலமா அடிச்சு மாத்தும்."

"குழாயில ஓட்டை விழுந்தா?"

"இழுப்பு நடுவழியிலேயே கசிஞ்சிடும். சமதரையில போனாலும் மலை ஏறுறதா நினைச்சுக்கும்."

"அதாவது, பாதி காதுல வாங்கிக்கிட்டுக் கத்துற ஆள் மாதிரி."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார்கள்.

"என்ன, என்னையே பாக்குறீங்க? கத்தணுமா?" என்றார் அவர்.

சிரித்து முடித்ததும் வேலை நடந்தது. குழாயின் கியர்பாக்ஸ் முனையைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஆயில் ஈரம் இல்லை. அந்த முனை போய்ச் சேர்கிற இடத்தில் தகர டப்பி போல ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் ஒரு சவ்வு. சவ்வு கிழிந்திருந்தால் குழாய் வழியாக ஆயில் ஏறி, வண்டி வெள்ளைப் புகை கக்கும். அப்படி எதுவும் இல்லை. கைப்பம்பை மாட்டி இழுத்துப் பார்த்தாள். சவ்வு கெட்டியாகப் பிடித்து நின்றது. இன்ஜினை ஓடவிட்டு, குழாயின் மேல் நெடுகச் சோப்புத் தண்ணீர் அடித்தாள். வெடிப்பு இருந்தால் அந்த இடம் தண்ணீரை உறிஞ்சும், இன்ஜின் சத்தமும் மாறும். ஒன்றும் உறிஞ்சவில்லை. ஒன்றும் மாறவில்லை. காதை வைத்துக் கேட்டாள். சீறல் இல்லை.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் கிடைக்கல" என்றாள்.

சும்மா விட அவளுக்கு மனசு வரவில்லை. கியர்பாக்ஸ் முனையில் ஒரு கிளைக் குழாயைச் செருகி, நீளமாக உள்ளே கொண்டுவந்து, ஒரு வேக்குவம் கேஜில் மாட்டி, அதை டாஷ்போர்டின் மேல் டேப் போட்டு ஒட்டினாள். ஓடும்போது கியர்பாக்ஸுக்கு எவ்வளவு இழுப்பு போய்ச் சேர்கிறது என்று முள்ளே சொல்லிவிடும். மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. கியர்கள் வழுக்கின.

ஒருவேளை பாரம் காரணமோ? கேக்கின் எடைக்குச் சர்க்கரை மூட்டைகளைப் பின்னால் ஏற்றினாள். வழுக்கியது. ஒருவேளை மாமனார் சொல்வதுதான் சரியோ? பஞ்சுவை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் பக்கத்து சீட்டில் அடக்கமாக உட்கார்ந்து கேஜையே பார்த்துக்கொண்டு போனாள். அப்போதும் வழுக்கியது. பஞ்சு பிரேக்கை மிதித்தது கொஞ்சம் முரடுதான். ஆனால் கியர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"என் மேல பழி இல்லைன்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள் பஞ்சு. பிறகு முகம் வாடியது. "ஆனா சனிக்கிழமை கேக் ஏத்தினதும் திரும்ப உதைக்கும். எனக்குத் தெரியும் அண்ணி. அதுக்குக் கேக்கைக் கண்டா ஆகாது."

 அன்று மதியம் சாப்பிடும்போதும் மெக்கானிக்கின் மண்டையை அது குடைந்துகொண்டே இருந்தது. வண்டி அதே வண்டி. ரோடு அதே ரோடு. பாரம் அதே பாரம். ஓட்டியவளும் அவளே. அப்படியானால் கேக் போகிற நாளில் வண்டிக்குள் வேறு என்ன இருக்கிறது?

எதிரே மாமனார் பாத்திரத்திலிருந்து இன்னொரு கரண்டி பரிமாறிக்கொண்டிருந்தார்.

அவளுக்கே அந்த நினைப்பு அபத்தமாகப் பட்டது. ஆனாலும் கேட்டுப் பார்த்தாள். "மாமா, சாயங்காலம் சும்மா ஒரு ரவுண்டு வண்டியில வர்றீங்களா?"

"கேக் போகுதா?"

"இல்ல, சும்மாதான்."

"கேக் இல்லாத வண்டியில எனக்கென்ன வேலை? எனக்குத் தோட்டத்துல தண்ணி ஊத்தணும்."

பாத்திரம் கழுவும்போது பஞ்சு காதோடு சொன்னாள்: "பெட்டியில ஒரு மூட்டை சர்க்கரையை வச்சு ரிப்பன் கட்டிடலாம் அண்ணி."

"மாமாகிட்டப் பொய் சொல்லவா?"

"எதுக்குப் பொய்? உள்ளே கேக் இருக்குன்னு நாம சொல்லவே வேண்டாம். அவரே நினைச்சுக்குவார்."

அவரும் நினைத்துக்கொண்டார். சாயங்காலம் ரிப்பன் கட்டிய வெள்ளைப் பெட்டி வேனில் ஏறியதைப் பார்த்ததுமே தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றி வந்துவிட்டார். மெக்கானிக் ஓட்டினாள். பஞ்சு பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இதென்ன கடிகாரம்?" என்று கேஜைக் காட்டிக் கேட்டார் மாமனார்.

"இன்ஜினுக்கு ரத்த அழுத்தம் பாக்குறது மாமா."

"நல்லது. இந்தக் குடும்பத்துல அதுக்கு மட்டும்தான் பாக்காம இருந்துச்சு."

தெரு முனை வரை முள் ஒழுங்காக இருந்தது. பெரிய சாலையில் திரும்பி மெக்கானிக் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள். மாமனார் தம் வேலையைத் தொடங்கினார். இடுப்பை முறுக்கி, பின்னால் இருந்த பெட்டி கண்ணில் படுமாறு திரும்பினார். ஒரு கையால் மேல் கைப்பிடியைப் பற்றினார். ஒரு காலைத் தூக்கி, நடுவே இருந்த இன்ஜின் மூடியின் விளிம்பில் வைத்து, கப்பல் சாயும்போது தளத்தில் நிற்பவர் மாதிரி பலமாக முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

முள் சடாரென்று கீழே விழுந்தது.

இன்ஜின் உர்ரென்று கத்திக்கொண்டே போயிற்று. கியர் மாறவில்லை, மாறவில்லை, பிறகு படார்!

"ஐயோ, உதைச்சிடுச்சு!" என்று பின்னாலிருந்து பஞ்சு அலறினாள்.

"மாமா, அப்படியே இருங்க! அசையாதீங்க!" மெக்கானிக்கின் குரலில் இருந்தது பயம் இல்லை, லாட்டரி விழுந்தவளின் குரல் அது. ஒரு சலவைக் கடை வாசலில் வண்டியை ஓரம் கட்டினாள். இன்ஜின் குளிரில் நடுங்குவதுபோலத் தடதடத்துக்கொண்டிருந்தது.

"இப்போ காலைக் கீழே வைங்க."

வைத்தார். முள் எழுந்தது. தடதடப்பு நின்றது.

"திரும்ப மேலே."

முள் விழுந்தது. எங்கோ உள்ளே, பாம்பு மாதிரி மெல்லிய ஒரு சீறல்.

"கீழே. மேலே. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. கீழே."

மாமனாருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தம் கால் அசைவுக்கு ஒரு கருவி ஆடுவதை ரசித்து, "வைக்கட்டா? எடுக்கட்டா?" என்று அவரே கேட்டுக் கேட்டுச் செய்தார். சலவைக் கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "உடற்பயிற்சியா?" என்று கேட்டாள்.

"கண்டுபிடிச்சாச்சு பஞ்சு!" மெக்கானிக் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினாள். "மூடியை அழுத்தினா, அடியில குழாய் வளையுது. வளைஞ்சா எங்கேயோ ஒரு வெடிப்பு வாயைத் திறக்குது. நான் பாக்கும்போதெல்லாம் மூடியைக் கழட்டி வச்சுட்டுத்தானே பாத்தேன்? அழுத்த ஆளே இல்ல. எப்படிக் கிடைக்கும்?"

மாமனாரின் கால் மூடியிலிருந்து மெல்ல இறங்கியது.

"அப்போ" என்றார். "மூணு கேக்கையும் கவுத்தது நானா?"

 அவர் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். "இந்தக் கேக்காவது நல்லா இருக்கான்னு பாக்குறேன்" என்று, மகள் தடுப்பதற்குள் ரிப்பனை அவிழ்த்து மூடியைத் தூக்கினார். உள்ளே சர்க்கரை மூட்டை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைத் திரும்பப் பொருத்தினார். ரிப்பனைக்கூடக் கட்டினார். பிறகு வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பஞ்சு ஓடிப்போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் குற்றவாளி சுலபமாக அகப்பட்டுவிட்டது. மூடியின் ஒரு பக்கத்தில் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் திண்டு நைந்து உதிர்ந்து போயிருந்தது. அந்தப் பக்கம் அழுத்தினால் மூடியின் விளிம்பு இறங்கிக் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பின் மேல் உட்காரும். குழாயைக் கழற்றி மெக்கானிக் விரலால் வளைத்தாள். அடிப்பக்கத்தில், கண்ணுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் எட்டாத வளைவில், மீன் வாய் திறப்பதுபோல ஒரு வெடிப்பு திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து ரப்பர் பிஸ்கட் மாதிரி இறுகிப் போயிருந்தது.

புதுக் குழாயை வாங்கி, மூடிக்கு எட்டாமல் வேறு வழியாக வளைத்துக் கொண்டுபோய் மாட்டினாள். புதுத் திண்டுகளை ஒட்டினாள். பிறகு பஞ்சுவை ஓட்டச் சொல்லிவிட்டு, மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்து அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். முள் ஒரு தடவைகூடச் சடாரென்று விழவில்லை. கியர் மாறியது தெரியவே இல்லை.

வண்டி சரியாகிவிட்டது. வீடுதான் சரியாகவில்லை. மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் மகனோடு மட்டும் பேசினார். "உன் தங்கச்சியை அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு" என்பார். தங்கை பக்கத்து நாற்காலியில்தான் இருப்பாள். மகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கேட்டுக் களைத்து வருபவன். இந்தத் தூது வேலை அவனை இன்னும் களைப்பாக்கியது.

"நீயே போய்ப் பேசிடு. எனக்கு வாய் வலிக்குது" என்றான் மனைவியிடம்.

விழாவுக்கு முந்தின நாள் மெக்கானிக் பழைய குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மாமனார் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் குழாயை வளைத்துக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல இது தானாவே அறுந்திருக்கும் மாமா. நடுரோட்டுல."

"என்னைச் சமாதானப்படுத்தப் பாக்குற."

"இல்ல. உங்க கால் அழுத்தினது நிஜம்தான். அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பெட்டியில சர்க்கரையை வச்சு உங்களைக் கூட்டிட்டுப் போனது எங்க தப்பு. நேராவே கேட்டிருக்கணும். அதுக்கு மன்னிச்சுடுங்க."

அவர் குச்சியில் கயிற்றைச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். "ரோட்டுல வச்சு என்னைக் காலைத் தூக்கு, காலை இறக்குன்னு... அந்தச் சலவைக்காரி வேற பாத்துட்டா."

"அவ உங்களை ஏதோ யோகா ஆசிரியர்னு நினைச்சுட்டா மாமா. நேத்து என்கிட்ட விசாரிச்சா, எங்கே வகுப்பு நடக்குதுன்னு."

அவர் உதட்டின் ஓரம் துடித்தது. ஆனால் சிரிக்க மறுத்துவிட்டார்.

"இன்னொண்ணும் கேக்கணும்" என்றாள் மெக்கானிக். "வண்டி உதைக்காது, அது என் பொறுப்பு. ஆனா கலங்கரை விளக்கம் இடுப்பு உயரம். வளைவுல திரும்பும்போது சாயுமே, அதை எப்படி நிறுத்துறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. கயிறு கட்டினா கிரீம் அழுந்திடும்."

மாமனார் கயிற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தார். 

"அடிப்பாகம் எவ்வளவு அகலம்?"

அவள் கைகளை விரித்துக் காட்டினாள்.

"மேலே பிடிக்கவே கூடாது" என்றார். "உயரமான சரக்கை மேலே பிடிச்சா, நீ பிடிச்ச இடத்துல ஒடியும். அடியிலதான் பூட்டணும். சுத்தி நாலு பக்கமும் கட்டை, நடுவுல பஞ்சு மெத்தை. எங்கே உன் நாத்தனார்? கேக்கை நிறுத்தப்போற பலகையை முதல்ல என் கண்ணுல காட்டச் சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சமையலறை ஜன்னலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவள் பலகையோடு ஓடி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை. கலங்கரை விளக்கம் எழுந்து நின்றது. வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கிரீம், உச்சியில் சர்க்கரைப் பாகில் வார்த்த மஞ்சள் விளக்கு, அடியில் சாக்லேட் பாறைகள். மாமனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேனுக்குள் மண்டியிட்டு, கட்டைகளைச் செருகி, உள்ளங்கையால் தட்டி, திரும்பப் பிரித்து, மறுபடி செருகினார். அவர் கேக்கைத் தொடவே இல்லை. ஆனால் வேலை முடிந்தபோது அது வண்டியிலிருந்தே முளைத்ததுபோல நின்றது.

இறங்கி வந்து முன்கதவைத் திறந்தவர் தயங்கினார். பக்கத்து சீட்டின் முன்னால், இன்ஜின் மூடியை ஒட்டினாற்போல, ஆனால் அதைத் தொடாமல், தரையோடு வெல்டிங் செய்த ஓர் இரும்புக் குழாய் குறுக்காக நின்றது. வழுக்காமல் இருக்க அதன் மேல் சைக்கிள் டயர் ரப்பர் சுற்றியிருந்தது.

"இது என்ன?"

"உங்க காலுக்கு" என்றாள் மெக்கானிக். "எவ்வளவு வேணும்னாலும் முட்டுக் கொடுத்துக்கலாம். கியர்பாக்ஸ் கோவிச்சுக்காது."

அவர் ஏறி உட்கார்ந்தார். திரும்பிக் கேக்கைப் பார்த்தார். காலைத் தூக்கி அந்தக் குழாயில் வைத்து அழுத்தினார்.

"கொஞ்சம் தாழ்வா இருக்கு" என்றார். பிறகு, மருமகள் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல. சாயங்காலம் உயர்த்திக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

பஞ்சு ஓட்டினாள். மெக்கானிக் பின்னால் முக்காலியில். மார்க்கெட் கடந்து மேம்பாலம் ஏறி, அந்தப் பக்கம் கடலைப் பார்த்து இறங்கினார்கள்.  சர்க்கரை விளக்கில் வெயில் பட்டு, வேனின் கூரையில் ஒரு மஞ்சள் பொட்டு ஆடாமல் நின்றது.

"எப்போ கியர் மாறும்?" என்று கேட்டார் மாமனார், கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி.

"மாறி ரெண்டு தெரு ஆச்சுப்பா."

"சும்மா சொல்லாதே."

"சத்தியமா. இதோ, இப்பக்கூட மாறிச்சு."

அவர் நம்பாமல் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அன்றுதான் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார்.

துறைமுக அலுவலகத்தின் கூடத்தில் கேக்கை இறக்கி வைத்தபோது கூட்டம் கை தட்டியது. மாமனாரைத் தெரிந்த பழைய கிடங்கு ஆட்கள் இரண்டு பேர் வந்து தோளைத் தட்டினார்கள். ஓய்வு பெறும் துறைமுகத் தலைவர் குண்டான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கலங்கரை விளக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கத்தியைக் கையில் கொடுத்தார்கள்.

"இதை எங்கேருந்து வெட்டுறது?" என்று கேட்டார். எல்லாரும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அவர் பதற்றத்தில் குனிந்து, அடிப்பாகத்தில், பாறைக்குச் சற்று மேலே, நல்ல பெரிய துண்டாக ஒன்றை வெட்டி எடுத்தார்.

"ஐயா, அடியில கை வைக்காதீங்க!" என்று மாமனார் கத்தினார்.

அதற்குள் கலங்கரை விளக்கம் மரியாதையாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. யாரும் தொடத் துணியவில்லை. அவசரப்படாமல் சாய்ந்து, துறைமுகத் தலைவரின் மார்பில், பதக்கங்கள் குத்தியிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் வந்து சாய்ந்துகொண்டது. அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். சர்க்கரை விளக்கு அவர் தாடைக்குக் கீழே மின்னியது.

 பஞ்சு கண்ணை மூடிக்கொண்டாள்.

"இத்தனை வருஷ வேலையில" என்றார் துறைமுகத் தலைவர் கிரீமுக்குள்ளிருந்து, "இது ஒண்ணுதான் என்னைக் கட்டிப்பிடிச்சுச்சு."

சிரிப்பு கூரையைத் தொட்டது. ஆளாளுக்குத் தட்டோடு ஓடி வந்தார்கள். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய்க் கத்தியை வாங்கி, "யாரும் அவரை அசைக்காதீங்க! மேலேருந்து இறக்கணும், மேலேருந்து!" என்று உத்தரவு போட்டு, துறைமுகத் தலைவர் மேலிருந்து கலங்கரை விளக்கத்தை அடுக்கடுக்காக இறக்கித் தட்டுகளில் வைக்க ஆரம்பித்தார். பழைய கிடங்கு ஆட்கள் இரண்டு பேரும், பழகிய கை, அவர் சொல்வதற்கு முன்பே தட்டு நீட்டினார்கள்.

பஞ்சு மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். மெக்கானிக் அவள் கையில் ஒரு சிவப்புப் பட்டைத் துண்டைத் திணித்தாள்.

"சாப்பிடு" என்றாள். "வண்டி உதைக்கல. அவ்வளவுதான் நம்ம பொறுப்பு."